இந்தக் காலத்து வண்டிகளுக்குக் குரலே இல்லை

ஜூன் 3, திங்கள்

மரகதம் தீர்ப்பு சொல்லிவிட்டாள். பழைய வண்டி இனி ஆகாது, புதிது வாங்க வேண்டும். காரணம், முன் இருக்கையில் ஒரு ஸ்ப்ரிங் அவள் இடுப்பைக் குத்துகிறதாம். ஒரு ஸ்ப்ரிங்குக்காக நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினை யாராவது தூக்கிப் போடுவார்களா? நெசவு மெஷின் பாகங்கள் விற்க இந்த வண்டியில்தான் நாகர்கோவிலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை சுற்றினேன். ரிட்டயர் ஆனவன் நான்தான், வண்டி இல்லை. சொன்னால் எடுபடவில்லை.

சரி என்று இன்று அவிநாசி ரோட்டில் முதல் ஷோரூமுக்குப் போனோம். டை கட்டிய ஒரு தம்பி வந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். “என்ன தம்பி, எனக்குச் சொல்றியா, உன் டைக்குச் சொல்றியா?” என்றேன். அதற்குப் பிறகு அவன் போட்ட சத்தத்தில் ஷோரூமே திரும்பிப் பார்த்தது. நடுவாந்திரம் என்று ஒன்று இவர்களுக்குத் தெரியாது.

எஞ்சின் ஒரு லிட்டர். அதாவது இரண்டு பால் பாக்கெட். சிலிண்டர் மூன்று. நாலு பேர் தூக்க வேண்டியதை மூன்று பேர் தூக்குவது எந்த நிகழ்ச்சியிலும் பார்க்க நன்றாக இருக்காது. அந்தக் குறையை மறைக்க ஒரு டர்போ. மூச்சில்லாதவனுக்கு இரண்டு ஆள் நின்று விசிறுவது மாதிரி. மேலே கூரையில் கண்ணாடி வைத்துத் திறந்து மூடுகிறார்கள். கோயமுத்தூர் வெயிலுக்குக் கூரையில் ஓட்டை போட்டுவிட்டு, கீழே ஏசியைப் பெரிதாக்கிக் கொடுக்கிறார்கள். இந்த மூளைக்குத்தான் விலை.

ஓட்டிப் பார்க்கப் போய் சிக்னலில் நின்றபோது எஞ்சினும் நின்றுவிட்டது. “அது ஃபீச்சர் சார், பெட்ரோல் மிச்சம்” என்று கத்தினான். நடுரோட்டில் வண்டி நின்றுபோனால் ஒரு காலத்தில் அவமானம். இப்போது அதற்குத் தனியாகக் காசு.

ஜூன் 5, புதன்

இரண்டாவது ஷோரூம். டாஷ்போர்டில் தொலைக்காட்சிப் பெட்டி. ஏசியைக் குறைக்க வேண்டுமானால் ரோட்டைப் பார்க்காமல் டிவியைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு திருகு இருந்தது. கை தானாகப் போகும்.

இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிப்பதைக்கூட எடுத்துவிட்டார்கள். சொன்னேன். “அடிச்சுட்டுத்தானுங்க இருக்குது” என்றாள் மரகதம். வண்டியைப் பற்றி எனக்குச் சொல்ல வந்துவிட்டாள்.

சாயங்காலம் ஆறுச்சாமி வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து சேர்ந்து சுற்றியவன், அவனாகப் பார்த்து இன்றுவரை ஒரு வண்டியும் வாங்கியதில்லை. பீளமேட்டில் ஒரு பழைய காரைப் பார்த்து வைத்திருக்கிறான். போய் பானட்டைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். “பட்டு மாதிரி ஓடுது, எடுத்துக்க” என்றேன். இந்த ஊரில் என் காதைக் கேட்காமல் பழைய வண்டி வாங்கியவர்கள் குறைவு.

ஜூன் 8, சனி

சிந்துஜா ஓசூரிலிருந்து வந்திருக்கிறாள். மாப்பிள்ளை மிதுன் வரவில்லை, கம்பெனியில் வேலையாம். மகள் இளைத்துப் போயிருக்கிறாள். டயட் போலிருக்கிறது. சில நாள் தங்குவதற்கு வீட்டையே காலி செய்தது மாதிரி ஒரு பெரிய பெட்டி. என் டிக்கியில் அப்படியே படுத்துவிட்டது. இப்போது விற்கிற வண்டிகளில் அதை நிறுத்தி வைத்து ஓட்ட வேண்டும். டிக்கியில் பாதியைப் பின்சீட்டுக்குக் கொடுத்துவிட்டு அதற்குச் சொகுசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளை வைத்திருப்பது லாரி உயரத்துக்கு ஒரு வெள்ளை வண்டி. ஏறுவதற்குப் படி. இறங்குவதற்குத் துணை. எத்தனை மேடு பள்ளம் இருக்கிறது ஓசூர் அடுக்குமாடிப் பார்க்கிங்கில்? ஆனால் மனிதர் தங்கம். நான் எது கேட்டாலும் நிமிர்ந்து உட்கார்ந்து கணீரென்று பதில் சொல்வார். இந்தத் தலைமுறையில் ஒழுங்காகப் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஜூன் 11, செவ்வாய்

மூன்றாவது ஷோரூமில் மேனேஜர் எனக்குத் தெரிந்தவர். “நீங்களே ஓட்டிட்டு வாங்கண்ணா, உங்களுக்கு எதுக்கு ஆளு?” என்று சாவியைக் கொடுத்துவிட்டார். மரகதத்துக்கு முட்டி வலி, வரவில்லை. சிந்துஜா தானாகவே கிளம்பினாள். “அப்பா கூட நான் போறேம்மா” என்றாள். சின்ன வயதில் எஞ்சினைத் திறந்தால் பக்கத்தில் வந்து நிற்கிற பெண். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஆட்டோமேட்டிக் வண்டி. கியருக்குப் பதிலாக பெல்ட். மிதித்தால் எஞ்சின் உறுமுகிறது, வண்டி யோசிக்கிறது. அரசாங்க ஆபீஸ் மாதிரி, கூச்சல் ஒரு மேசையில், ஃபைல் இன்னொரு மேசையில். வண்டியின் மூக்கில் ரேடார் வேறு. கோடு தாண்டினால் ஸ்டியரிங்கைத் தானே இழுக்கிறது. நம்மூர் ரோட்டில் கோடு என்பது பெயின்ட் கான்ட்ராக்டருக்கும் கார்ப்பரேஷனுக்கும் உள்ள விவகாரம், அதை இது வேதம் மாதிரி நம்புகிறது. காந்திபுரத்தில் விட்டால் முன்னால் இத்தனை எதிரிகளா என்று மயங்கி விழுந்துவிடும்.

நீலாம்பூர் தாண்டியதும் சிந்துஜா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஏசி இரைச்சல். எஞ்சின் உறுமல் வேறு. ‘முடியல’ என்றது காதில் விழுந்தது. ‘திரும்பி’ என்றதும் விழுந்தது. ஸ்டியரிங்கைச் சொல்கிறாள் என்று புரிந்தது. திரும்பிவிட்டு நேராக வர அது கொஞ்சம் சண்டித்தனம் செய்தது, நானும் கவனித்தேன். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. இந்த வண்டியை வேண்டாம் என்று சொல்ல நூறு காரணம் உண்டு, ஸ்டியரிங் அதில் ஒன்றல்ல.

“ஆரம்பத்துல அப்படித்தான் கண்ணு இருக்கும். ஓட ஓடப் பழகிடும். இதுக்கெல்லாம் போய் யாராவது வேண்டாம்னு சொல்லுவாங்களா?” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. கார் விஷயத்தில் நான் சொன்னால் அவள் மறுபேச்சுப் பேச மாட்டாள்.

ஜூன் 12, புதன்

சிந்துஜா காலை பஸ்ஸுக்கே ஓசூர் கிளம்பிவிட்டாள். பத்து நாள் இருப்பாள் என்றுதான் மரகதம் சொல்லியிருந்தாள். அந்தப் பெட்டியைத் திறந்தாளா என்றுகூடத் தெரியவில்லை, அதே கனம். தூக்கி வைத்ததில் எனக்குத் தோள் பிடித்துக்கொண்டது.

ஜூன் 20, வியாழன்

ஆறுச்சாமியின் வண்டி பல்லடம் போகிற வழியில் எஞ்சின் பிடித்து நின்றுவிட்டது. உள்ளே பேரிங் போய்விட்டதாம். மெக்கானிக் ஷெட்டில் என்னை வைத்துக்கொண்டே ஆறுச்சாமி கேட்டான்.

“ஏப்பா சிகாமணி, வாங்குன அன்னிக்கே டக்கு டக்குன்னு அடிச்சுதுங்கறாங்க. எம் பொண்டாட்டிக்கே கேட்டுதாம். உனக்குக் கேக்கலையா?”

எப்படிக் கேட்கும்? எஞ்சினுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடிக்குக் கீழே பஞ்சு. பானட்டுக்கு அடியில் இன்னொரு பஞ்சு. வண்டி செய்கிறார்களா, மெத்தை தைக்கிறார்களா? நோயை மறைப்பதற்கென்றே இப்போது எஞ்சின் செய்கிறார்கள். விளக்கமாகச் சொன்னேன். ஆறுச்சாமி தலையை ஆட்டினான். மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஆறுச்சாமியை டீ சாப்பிடக் கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டான். அவனுக்கு என்ன வேலை?

ஜூன் 24, திங்கள்

பேட்டரி கார் ஓட்டிப் பார்த்தேன், மரகதத்தின் தொல்லைக்காக. செல்போனுக்குச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். மிதித்தால் முதுகில் ஒரு தள்ளு, அவ்வளவுதான். மூச்சு, இருமல், ஏப்பம் எதுவும் கிடையாது. சவத்தை வேகமாகக் கொண்டு போகிற மாதிரி இருந்தது. சத்தம் வேண்டுமென்றால் ஸ்பீக்கரில் வருமாம், மூன்று விதமாக. பல்செட்டுக்கு மூன்று கலர் மாதிரி. டீசலாவது வாங்கலாம் என்றால் அதற்கு இப்போது யூரியாத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். வயலுக்குப் போட வேண்டியதை வண்டிக்கு.

திரும்பி நடந்து வரும்போது லட்சுமி மில் பக்கம் ஒரு டவுன் பஸ் உரசுகிற மாதிரி வந்து நின்றது. ஹாரன் அடிக்க வேண்டாமா? அதைச் சொன்னால் டிரைவர் தன் காதைத் தொட்டுக் காட்டி என்னைத் திட்டுகிறான். நாலு பேர் சிரித்தார்கள். மரியாதை கெட்ட ஊர்.

ஜூன் 30, ஞாயிறு

எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

காலையில் இட்லி வைக்கும்போது மரகதத்திடம் சிந்துஜா ஏன் போனே பண்ணுவதில்லை என்று கேட்டேன். அவள் தட்டை வைக்கவில்லை, போட்டாள்.

“எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பண்ணுவா? நீங்க சொன்ன சொல்லுக்கு?”

“நான் என்ன சொன்னேன்?”

“ஏனுங்க, தெரியாத மாதிரிக் கேக்கறீங்களே! எங்கிட்ட முதல்ல சொன்னா நான் அழுவேன்னு உங்ககிட்டச் சொல்ல வந்தாளுங்க. அந்த ஆளுகூட முடியலப்பா, கை நீட்டறான், போனப் புடுங்கி வெச்சுக்கறான், வேலைக்கு விடமாட்டேங்கறான், திரும்பி நம்ம வீட்டுக்கே வந்தர்றேன்னு கார்ல வெச்சுக் கேட்டாளாமா. ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், பழகிடும், இதுக்கெல்லாமா வேண்டாம்பாங்கன்னு சொன்னீங்களாமா. நேத்துத்தான் பக்கத்து வீட்டுப் போன்ல இருந்து எங்கிட்டச் சொல்லி அழுதா.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “பெத்த அப்பன் சொல்ற பேச்சுங்களா அது?”

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் என் முகத்துக்கு நேராக நின்று கத்தியதால் ஒரு சொல் விடாமல் கேட்டது.

நான் ஸ்டியரிங்கைப் பற்றிச் சொன்னேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும்.

இட்லி சாப்பிடவில்லை.

ஜூலை 1, திங்கள்

சிந்துஜாவுக்குப் போன் செய்தேன். எடுத்தாள், இன்று போன் அவள் கையில் இருந்தது போலிருக்கிறது. ஏதோ சொன்னாள். ஓசூரில் டவர் சரியில்லை. “சரி கண்ணு, சரி கண்ணு” என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்குச் சரி என்றேன் என்று தெரியவில்லை.

ஜூலை 3, புதன்

வண்டி பார்க்கப் போகிறேன் என்று மரகதத்திடம் சொல்லிவிட்டு, ஆர்.எஸ். புரத்தில் ஒரு காது டாக்டரிடம் போனேன். டவர் பிரச்சினையா என்பதை உறுதி செய்துகொள்வதற்காகத்தான்.

அவர் என்னை ஒரு பெண்ணிடம் அனுப்பினார். ஹெப்சிபா என்று பெயர். கண்ணாடி வைத்த அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள். வண்டி தயாரிப்பவர்கள் சத்தம் புகாமல் அடைப்பதற்கு இங்கே வந்து பாடம் கற்கலாம். முதலில் தாழ்ந்த சத்தங்கள் வந்தன. அழுத்தினேன், தவறவே இல்லை. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்து வெளியே பார்த்தேன். அவள் கையால் ஏதோ திருகிக்கொண்டுதான் இருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது புரிந்தது. வந்துகொண்டுதான் இருக்கிறது.

வெளியே வந்ததும் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். கோடு பாதி தூரம் சமதரையில் போய், பிறகு கொல்லிமலை இறக்கம் மாதிரி விழுந்தது.

“தெய்வசிகாமணி சார், கனமான சத்தமெல்லாம் உங்களுக்கு நல்லாக் கேக்குது. லாரி, எஞ்சின் உறுமறது, ஆம்பளைங்க உரக்கப் பேசறது. மெல்லிசு சத்தம்தான் போயிருக்கு. பறவை, கடிகாரம், பொம்பளைங்க, கொழந்தைங்க பேசறது, யாராச்சும் மெதுவாப் பேசறது.”

“எப்ப இருந்து?”

“இது ஒரே நாள்ல வர்றதில்ல சார். வருசக்கணக்கா ஆயிருக்கும். வீட்ல யாரும் சொல்லலையா?”

சொல்லியிருப்பார்கள். அதுவும் கேட்டிருக்காது.

ஜூலை 9, செவ்வாய்

காது மெஷின் வந்துவிட்டது. விதியைப் பாருங்கள். பேட்டரியில் ஓடுகிறது. சார்ஜ் போட வேண்டும். போனில் ஆப். அதில் ஹோட்டல் மோடு, கும்பல் மோடு, கார் மோடு. எதை எதையெல்லாம் வாழ்நாள் முழுக்கத் திட்டினேனோ அத்தனையையும் ஒரு மொச்சைக் கொட்டை அளவுக்குச் சுருக்கி என் காதுக்குப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். முடி கொஞ்சம் நீளமாக இருப்பதால் வெளியே தெரியவில்லை. உள்ளே போகிற ஒயர் மயிரிழை மாதிரி.

கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் உலகம் பாலித்தீன் பையைக் கசக்குகிற மாதிரி இருந்தது. என் செருப்புக்கு இவ்வளவு சத்தமா? வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தேன்.

என் வண்டி. நான் பட்டு என்று ஊரெல்லாம் சொன்ன எஞ்சின். தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். டாஷ்போர்டு கிரீச். பின்கதவு கடகட. எங்கேயோ ஒரு பெல்ட் நாய்க்குட்டி மாதிரி முனகுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து மரகதம் இதைக் கேட்டுக்கொண்டேதான் இத்தனை வருடமும் வந்திருக்கிறாள். ஸ்ப்ரிங் குத்துகிறது என்று மட்டும் சொன்னவளின் பெருந்தன்மையை என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்தேன். அவள் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். “இந்த மனுசனுக்குச் சொல்லி என்ன புண்ணியம், செவுத்துக்குச் சொல்லலாம், நானே பஸ் ஏறிப் போயிக் கூட்டிட்டு வந்தர்றேன், தாயே நீதான் தொணை...” தினமும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள் போல.

“நீ எதுக்குப் பஸ் ஏறோணும்? கார்லயே போலாம்” என்றேன்.

கத்தி நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். நான் முடியை விலக்கிக் காட்டினேன். அவள் அருகில் வந்து, விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அன்று காரில் நடந்ததைச் சொன்னேன். ‘முடியல’, ‘திரும்பி’, ஸ்டியரிங் எல்லாம்.

“அட கடவுளே” என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதுவும் கேட்டது. இந்த மெஷினுக்கு அணைக்கிற பட்டன் எங்கே என்று அந்தப் பெண் சொல்லிக் கொடுத்ததை மறந்துவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பி, சேலம், தர்மபுரி வழியாக மதியத்துக்கு முன்பே ஓசூர் சேர்ந்துவிட்டோம். சொல்லிவிட்டுப் போகவில்லை. தொப்பூர் மலை இறக்கத்தில் பிரேக்கும் கிரீச்சிட்டது. வண்டி மீது எனக்கிருந்த கடைசி மரியாதையும் அங்கே போயிற்று.

கதவைத் திறந்தவர் மாப்பிள்ளை. ஒரு கணம் திகைத்தார். உடனே முகம் மலர்ந்தது.

“வாங்க மாமா! வாங்க அத்தை! டிரைவ் எப்படி இருந்துச்சு மாமா!” கணீரென்ற குரல். மெஷின் வழியாக மண்டைக்குள் மணி அடித்தது. இந்தக் குரலைத்தான் நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

மரகதம் முட்டியைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். நான் சோபாவில் உட்கார்ந்தேன். சிந்துஜா காபித் தட்டோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மணிக்கட்டுக்கு மேலே பழுத்த மஞ்சள் நிறத்தில் ஒரு தடம், வளையலை ஏற்றி மறைத்திருந்தாள்.

மிதுன் அவள் கையிலிருந்து கோப்பையை வாங்கினார். முகத்தில் அதே சிரிப்பு. உதடு அதிகம் அசையாமல், மெதுவாக, வானிலை பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார்:

“நீதான வரச் சொன்ன? வாயத் தொறந்து பாரு, இவங்க போனதும் இருக்கு உனக்கு. கெழவனுக்கு ஒரு எழவும் கேக்காது. காபிய வெச்சுட்டு உள்ள போ.”

பிறகு என் பக்கம் திரும்பி, உரக்க: “சர்க்கரை போதுமான்னு கேட்டேன் மாமா!”

என் காது விஷயம் ஊரில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. இவருக்கு அது வசதியாகவும் இருந்திருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து எத்தனை முறை இந்தச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை முறை என் எதிரிலேயே, இதே சிரிப்போடு, என் மகளிடம் இப்படிப் பேசியிருப்பார். நானும் பதிலுக்குச் சிரித்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே அவருடைய வண்டியின் இழுவை எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன். அப்பா கேட்டுக்கொண்டே சிரிக்கிறார் என்று சிந்துஜா நினைத்தாளா, கேட்கவில்லை என்று தெரிந்திருந்ததா? இரண்டில் எது மேல்?

காபியைத் தொடவில்லை.

“கேட்டுச்சுங்க மாப்பிள்ளை” என்றேன்.

“என்ன மாமா!”

“கத்த வேண்டாம். மெதுவாச் சொன்னதும் கேட்டுச்சு. கெழவனுக்கு ஒரு எழவும் கேக்காதுன்னீங்களே, அதுவும் கேட்டுச்சு.”

அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்றது, எஞ்சின் அணைந்த பிறகும் லைட் எரிகிற மாதிரி. “விளையாட்டுக்கு மாமா... நாங்க ரெண்டு பேரும் எப்பவும் இப்படித்தான்...” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வாய்க்குள்ளேயே பேசினார்.

“சிந்து, பொட்டிய எடு.”

அவள் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளியலறை வாசலில் மரகதம் வந்து நின்றாள். மிதுன் எழுந்து, கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

“அவ வரமாட்டா. போன மாசம் அவளேதான திரும்பி வந்தா? கேட்டுப் பாருங்க.”

“நான் அனுப்பித்தான் வந்தா. இப்ப நான் கூப்படறேன்.”

சிந்துஜா உள்ளே போனாள். பெட்டி கட்ட நேரமாகும், அதுவரை இந்த ஆளோடு என்ன செய்வது என்று நினைத்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டாள். அதே பெரிய பெட்டி. ஊரிலிருந்து கொண்டுவந்த பிறகு அவள் அதைப் பிரிக்கவே இல்லை.

கதவு மறிக்கப்பட்டிருந்தது. நான் பலசாலி இல்லை. மரகதம்தான் நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள். “நவுருங்க” என்றாள். ஒரே சொல். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார், சிந்துஜாவுக்குப் போன் கொடுத்தவராக இருக்க வேண்டும். அவரைப் பார்த்ததும் மிதுன் நகர்ந்தார். நாலு பேர் முன்னால் நல்லவராக இருப்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

கீழே அந்த வெள்ளை வண்டி படிக்கட்டோடு நின்றது. அதைப் பற்றி முன்பு எழுதியதெல்லாம் குறைவு. மனிதரைப் பற்றி எழுதியது முழுக்கத் தவறு.

கிருஷ்ணகிரி வரை என் வண்டி மட்டும் பேசிக்கொண்டு வந்தது. டோல் தாண்டி ஒரு புளியமரத்துக்கு அடியில் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன். ஏசியையும் அணைத்தேன். சிந்துஜா பக்கத்து சீட்டில்தான் இருந்தாள்.

“அன்னிக்கு நீ சொன்னது எனக்குக் கேக்கல கண்ணு” என்றேன். “நான் வண்டியச் சொன்னேன். ஸ்டியரிங்க.”

அவள் முகத்தில் என்ன நடந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. “அப்ப... என்னப் போன்னு நீங்க சொல்லலையாப்பா?” என்றாள். மெல்லிய குரல். மெல்லியதில் மெல்லியது. முழுதாகக் கேட்டது.

“இல்ல.”

“ஒரு மாசமா நான்...” என்று ஆரம்பித்துவிட்டு என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பெட்டி தூக்கிய அதே தோள். பிறகு இன்னொரு அடி. பின்சீட்டிலிருந்து மரகதம் தடுக்கவில்லை.

“சொல்லு” என்றேன். “முதல்ல இருந்து சொல்லு.”

சொன்னாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் ஒரு லாரியையும் பார்க்கவில்லை. அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது.

ஜூலை 22, திங்கள்

வக்கீலைப் பார்த்தோம். நல்ல பெண்மணி. அவருடைய கார் ஒரு கேவலமான ஹைபிரிட். அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று மரகதம் முன்கூட்டியே சத்தியம் வாங்கியிருந்தாள்.

மிதுன் வீட்டார் பேச வருகிறோம் என்றார்கள். சிந்துஜா வேண்டாம் என்றாள். வேண்டாம் என்று நானே போனில் சொல்லிவிட்டேன். டவர் பிரமாதமாக இருந்தது.

ஜூலை 28, ஞாயிறு

ஆறுச்சாமி வீட்டுக்குப் போய்க் காதைக் காட்டினேன். எஞ்சின் வேலைக்கு ஆகும் செலவில் என் பங்கு என்று ஆரம்பித்தேன். “போடா செவிடா” என்று சொல்லி டீ போடச் சொன்னான். இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்திருக்கிறான், பாவம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சிந்துஜாவுக்கு சரவணம்பட்டியில் வேலை கிடைத்திருக்கிறது. போய் வர வண்டி வேண்டும் என்று அவளே தேர்ந்தெடுத்து, அவள் பேரிலேயே கடன் போட்டு வாங்கிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. நேற்றுச் சாவி கொடுத்தார்கள். ஷோரூமில் கேக் வெட்டுகிறார்கள், போர்வை போர்த்தி மூடி வைத்து விலக்குகிறார்கள். கார் விற்கிறார்களா, பெண் பார்க்கும் சடங்கா?

வண்டியைப் பற்றி என் அபிப்பிராயம்: மூன்று சிலிண்டர். மாதுளம் பழ நிறம், ஊரில் பாதி வண்டி அதே நிறம். கதவைச் சாத்தினால் டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தம், இப்போது அதுவும் தெளிவாகவே கேட்கிறது. ஸ்டெப்னி சக்கரம் சைக்கிள் டயரை விடக் கொஞ்சம் தடிமன். கூரையில் ஓட்டை உண்டு. வாயால் சொன்னால் திறக்குமாம். சொன்னேன், திறக்கவில்லை. சிந்துஜா சொன்னாள், திறந்தது. என்ன திமிர்.

இன்று காலை அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து மருதமலை அடிவாரம் வரை போய்வந்தோம். வடவள்ளியில் நெரிசல். இரண்டாவது கியருக்கு வா என்று சொல்ல வாய் திறந்தேன். “அப்பா, கொஞ்சம் பேசாம வர்றீங்களா? நான் ஓட்டறேன்” என்றாள்.

பேசாமல் வந்தேன்.

நெரிசல் விட்டு, பாக்குத் தோப்புகள் வந்ததும் அவள் ஏதோ பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். வார்த்தை பாதி, ராகம் பாதி. அவளுக்குப் பாட வரும் என்று எனக்குத் தெரியும், ஆனால் கடைசியாக எப்போது கேட்டேன் என்று நினைவில்லை. நடுவில் நிறுத்தி எதிரே வந்த மொபெட்காரனைத் திட்டினாள். அடியெடுத்து மறுபடி ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மரகதம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “எப்படிங்க இருக்குது எஞ்சினு? என்ன கொறை சொல்லப் போறீங்க?”

யோசித்துப் பார்த்தேன்.

“கவனிக்கல” என்றேன்.